நிபா நேரத்தில் பதநீர் குடிக்கலாமா?

மதுக்கரை மணி:
கேரளாவில் மறுபடி நிபா வைரஸ் காய்ச்சல் என்றதும் வாளையார் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறார்கள். என் கவலை வேறு. சீசனில் தினமும் காலையில் மரத்திலிருந்து இறக்கிய பதநீர்தான் குடிப்பேன். ராத்திரியானால் அந்தப் பனைகளைச் சுற்றி, நிபாவைப் பரப்பும் பழந்தின்னி வௌவால்கள். வீட்டில் நிறுத்தச் சொல்கிறார்கள். தேவையா?

சிரம்பான் செல்வம்:
மணி அண்ணே, நான் மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்காரன். இந்த வைரஸுக்குப் பெயர் தந்த சுங்கை நிபா எங்கள் மாநிலத்துக் கிராமம்தான். 1998இல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைகளில் ஆரம்பித்து எங்கள் புக்கிட் பெலாண்டோக் வரை வந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் செத்தார்கள். விழுந்ததெல்லாம் பன்றியோடு புழங்கிய பெரியவர்கள். கொசு இப்படி ஆள் பார்த்தா கடிக்கும்? 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புது வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. பண்ணையை ஒட்டி மாமரங்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றி இருமியது, மனிதனுக்கு வந்தது. 105 பேர் போனார்கள். பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள், ராணுவமே இறங்கியது. லாரி ஓட்டிய என் அப்பா ரொம்ப நாள் அந்தப் பாதையில் போகவே இல்லை.

உங்களுக்கு வேண்டியது வங்கதேசக் கதை. அங்கே நடுவில் பன்றி கிடையாது. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் செதுக்கிப் பானை கட்டுவார்கள். ராத்திரி வௌவால் வந்து வடியும் சாற்றை நக்கும், பானைக்குள் சிறுநீரும் விழும். விடியற்காலையில் பச்சையாகக் குடித்தவர்களுக்கு நிபா. செதுக்கிய இடத்தையும் பானையையும் மூங்கில் தட்டியால் மூடினால் வௌவால் கிட்டே வராது என்று அங்கே கேமரா வைத்தே பார்த்திருக்கிறார்கள். வௌவாலை விரட்டுவது, மரத்தை வெட்டுவதெல்லாம் வீண் வேலை. கலயத்தை மூடச் சொல்லுங்கள். மூடாததைக் காய்ச்சிக் குடியுங்கள்.

உடன்குடி:
நாங்க கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது பதநீர் புளிக்காமல் இருக்கத்தான். அது வைரஸுக்கு மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. கருப்பட்டி கொதித்து வருவது, அதில் பயமில்லை.

நர்ஸ்_பாலக்காடு:
பனையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்களே, அதில் பெரும்பாலோருக்கு ஆஸ்பத்திரியில் நோயாளி பக்கத்தில் இருந்துதான் தொற்றியது. பேராம்பிரா செவிலியர் லினியும் அப்படித்தான் போனார். காய்ச்சலோடு பிதற்றல், மூச்சுத்திணறல் இருப்பவரைப் பார்க்கப் போனால் மாஸ்க் இல்லாமல் கிட்டே போகாதீர்கள்.

மதுக்கரை மணி:
சரி, மரமேறும் அண்ணனிடம் தட்டி பற்றிப் பேசுகிறேன். தோட்டத்தில் வௌவால் கொறித்த கொய்யா கிடக்கிறது, கழுவினால் போதுமா?

நர்ஸ்_பாலக்காடு:
போதாது. கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள். ஆட்டுக்கும் போடாதீர்கள்.