டாக்கர் ஹப்பை விட்டு மொத்தமா கிளம்பிடலாமா?

சரக்குமேஸ்திரி:
நம்ம திறமூலத் திட்டத்தோட இமேஜ் (நிரலையும் அது ஓடத் தேவையானதையும் அடைச்ச பொதி) சுருக்கின பிறகு 90 எம்பி. ஏஎம்டி64, ஆர்ம்64 ரெண்டு வகை பிராசஸருக்கும் வெளியிடுறோம், இப்போ டாக்கர் ஹப்ங்கிற இமேஜ் கிடங்கில் (ரெஜிஸ்ட்ரி) மட்டும். அடுத்த வெளியீட்டிலிருந்து கிட்ஹப்போட கிடங்கான ஜிஎச்சிஆருக்கு மாத்திடலாம்ங்கிறது என் கட்சி. லாகின் பண்ணாதவங்களுக்கு ஹப்பில் ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்துக்கு 100 புல்தான் (புல்னா இமேஜை இழுத்து இறக்குறது). காலேஜ் லேப், ஆபீஸ், தானா பில்ட், டெஸ்ட் ஓட்டுற சிஐ ரன்னர்னு பல மெஷின் ஒரே பொது ஐபிக்குப் பின்னாடி (நேட்) நிக்குது. முன்னாடி வந்தவன் அள்ளிட்டுப் போனா மத்தவனுக்கு 429, அதாவது வரம்பு மீறிட்டேங்கிற பிழை. கன்டெய்னர்களை நிர்வகிக்கிற குபர்நெட்டீஸ்ல அது இமேஜ்புல்பேக்ஆஃப்னுதான் தெரியும். உடனே நம்ம இமேஜ் உடைஞ்சிருக்குன்னு இஷ்யூ போடுவாங்க. ஜிஎச்சிஆர்ல பொது இமேஜுக்குக் காசில்லை. வொர்க்ஃப்ளோவில் பேக்கேஜஸ் அனுமதியை 'ரைட்' ஆக்கினா போதும், தனி பாஸ்வேர்டு தேவையில்லை.

நங்கூரம்:
ஒரு 429-க்காக வீட்டையே மாற்றணுமா? ஹப்பில் எண்ணப்படுவது, இமேஜின் அடுக்குகளை (லேயர்) பட்டியலிடும் மேனிஃபெஸ்டுக்கான 'கெட்' கோரிக்கை. புது வெர்ஷன் வந்ததா என்று 'ஹெட்' அனுப்பிப் பார்ப்பது கணக்கில் சேராது. திறமூலத் திட்டங்களுக்கு டாக்கர் நிறுவனமே ஆதரவுத் திட்டம் வைத்திருக்கிறது; அதில் சேர்த்துக்கொண்டால் நம் நேம்ஸ்பேஸிலிருந்து (ஹப்பில் நம் கணக்கின் பெயர்) யார் இழுத்தாலும் வரம்பு கிடையாது. முதலில் விண்ணப்பம் போடுங்கள்.

இன்னொன்று, ஹோஸ்ட் பெயர் இல்லாமல் எழுதிய இமேஜ் பெயரை டாக்கர் கிளையண்ட் ஹப் என்றே எடுத்துக்கொள்ளும். ஊரில் கிடக்கும் காம்போஸ் கோப்பும் ஹெல்ம் சார்ட்டும் (இமேஜ் பெயரை எழுதிவைத்த அமைப்புக் கோப்புகள்) அங்கேதான் வந்து தட்டும். ஹப்பிலிருந்து வேறு ரெஜிஸ்ட்ரிக்குத் திருப்பிவிட நமக்கு வழியே இல்லை.

சரக்குமேஸ்திரி:
அதே நிறுவனம்தான் 2023 மார்ச்சில் இலவச டீம் கணக்குகளை மூடப்போறோம், 30 நாள் டைம்னு மெயில் அனுப்புச்சு. கூச்சல் கிளம்பினதும் 24-ஆம் தேதி வாபஸ். 2025-ல் பலரும் ஹப்பிலிருந்து இழுத்த பிட்னாமி இமேஜ்கள் 'பிட்னாமிலெகசி'ங்கிற வேற பெயருக்குப் போனப்போ எத்தனை டிப்ளாய்மெண்ட் முழிச்சுது?

நங்கூரம்:
பிட்னாமியை நகர்த்தியது ஹப் இல்லை, அதன் சொந்தக்காரர்களே. பெயரை மாற்றினால் பயனர் தலையில் என்ன விடியும் என்பதற்கு அது சாட்சி. உங்கள் கட்சிக்கு எதிர்ச்சாட்சி, ஐயா!

படலம்7:
ரெண்டு பேருமே வாடகை வீட்டுக்குள்ள சண்டை போடுறீங்க. இமேஜ் பெயரின் தலையில் நம்ம டொமைன் இருக்கணும். குபர்நெட்டீஸ் தன் 'ரெஜிஸ்ட்ரி' முகவரியைச் சொந்த டொமைனில் வெச்சு, பின்னாடி எந்த கிளவுட் என்பதை அங்கேயே தீர்மானிக்குது.

ஆனா வெறும் ரீடைரக்ட் போட்டு ஜிஎச்சிஆருக்கு அனுப்பினா அடி வாங்குவீங்க. பொது இமேஜுக்கும் அது டோக்கன் (தற்காலிக அனுமதிச்சீட்டு) கேட்கும். ஹோஸ்ட் மாறினா, டாக்கர் எழுதப்பட்ட கோ மொழியின் எச்டிடிபி நூலகம் அந்த டோக்கனைச் சுமக்கும் ஆதரைசேஷன் ஹெடரை உதறிடும். கிளையண்டுக்குக் கிளையண்ட் நடத்தை வேறுபடும். அதனால மேனிஃபெஸ்டை நம்ம சர்வரில் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் மென்பொருள்) வழியா ப்ராக்ஸி பண்ணுங்க, சில கேபிதான். லேயர் கேட்டா ஜிஎச்சிஆர் தன் கிடங்குக்கு ஒரு கையெழுத்திட்ட யூஆர்எல் தரும். அதைத் தொடராம அப்படியே கிளையண்டிடம் கொடுத்துடணும். 90 எம்பி நம்ம சர்வர் வழியா ஓடாது.

நங்கூரம்:
டொமைனின் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் காலாவதியான ராத்திரி யார் எழுந்திருப்பது? அதைவிட மோசம், டொமைன் புதுப்பிக்க மறந்தால் வேறொருவன் வாங்கி, அதே பெயரில் விஷ இமேஜ் வைப்பான். வெர்ஷன் எண் எழுதாமல் 'லேட்டஸ்ட்' டேகில் (பெயர்ச்சீட்டு) இருப்பவன் கேள்வி கேட்காமல் இழுப்பான். ஹப்பில் அந்த ஆபத்து இல்லை. ரெண்டு பேர் பராமரிக்கும் திட்டத்துக்குக் குபர்நெட்டீஸ் சட்டை தொளதொளக்கும்.

படலம்7:
டொமைன் பயம் நியாயம்தான், ஒத்துக்கறேன். பத்து வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டலாம், கோசைன் கருவியால இமேஜுக்குக் கையெழுத்தும் போடலாம். ஆனா கையெழுத்தைச் சரிபார்க்கிறவங்க எத்தனை பேர்னு கேட்டா என்கிட்ட பதில் இல்லை.

மேஸ்திரி, ஜிஎச்சிஆர் குழிகளைத் தெரிஞ்சுக்கங்க. முதல் புஷ்ஷில் (இமேஜை ஏத்துறப்போ) பேக்கேஜ் பிரைவேட்டாப் பிறக்கலாம். அப்படியானா செட்டிங்ஸில் போய் பப்ளிக் ஆக்காட்டி எல்லாருக்கும் 'டினைட்'. டேக் இல்லாத வெர்ஷனை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஓட்டினா போச்சு. மல்டி ஆர்க் (பல பிராசஸருக்கான) இமேஜில் டேக், மேனிஃபெஸ்ட்களைப் பட்டியலிடும் இன்டெக்ஸில்தான் ஒட்டியிருக்கும், ஏஎம்டி64, ஆர்ம்64 மேனிஃபெஸ்ட்கள் டேக் இல்லாமத் தொங்கும். அதுகளை அழிச்சா டேக் கண்ணுக்குத் தெரியும், புல் மட்டும் 'மேனிஃபெஸ்ட் அன்னோன்'னு விழும்.

சரக்குமேஸ்திரி:
சரி, ரெண்டு இடத்திலும் வெச்சுக்கலாம். ஆளுக்கொரு தடவை பில்ட் பண்ணிடவா?

படலம்7:
கூடாது. ரெண்டு பில்டுக்கு டைஜெஸ்ட் (உள்ளடக்கத்தின் கைரேகை மாதிரியான ஹாஷ்) பெரும்பாலும் ஒண்ணா வராது, கையெழுத்தும் பொருந்தாது. ஒரு தடவை கட்டி ஸ்கோப்பியோ கருவியில் காப்பி பண்ணுங்க, 'ஆல்' கொடியோட. அதை விட்டா அந்த மெஷினோட ஆர்க் மட்டும் போகும். ஆர்ம்64-ல் ஓட்டுற ராஸ்பெரி பை ஆளுங்க 'எக்ஸெக் ஃபார்மட் எரர்'னு கத்துவாங்க. கடைசியில ரெண்டு பக்கமும் இன்டெக்ஸ் டைஜெஸ்டை ஒப்பிட்டுட்டுத்தான் வெளியீட்டை அறிவிக்கணும்.

சரக்குமேஸ்திரி:
அப்போ ஒரு வருஷம் ரெண்டிலும் போட்டுட்டு, ஹப்பை, புதுசா எதுவும் ஏத்தாம, அப்படியே உறைய வெச்சிடலாமே. குபர்நெட்டீஸ் பழைய முகவரியை 2023 ஏப்ரல் 3-ல் அப்படித்தானே நிறுத்துச்சு?

நங்கூரம்:
அங்கே ஆட்கள் வெர்ஷன் எண் எழுதி இழுப்பவர்கள். நம் வாசகக் குறிப்பிலேயே (ரீட்மீ) 'லேட்டஸ்ட்' என்றுதானே எழுதி வைத்திருக்கிறோம்? உறைய வைத்தால் பிழைச்செய்தியே வராமல் பழைய பாதுகாப்பு ஓட்டையோடு வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள். நிறுத்துவதென்றால் அந்த டேகை அழித்துவிட்டு நிறுத்துங்கள். உடையட்டும், அப்போதாவது குறிப்பைப் படிப்பார்கள். அதுவரை ஹப்பில் புஷ் நிற்கக் கூடாது.