பீ லைசன்ஸ் இருக்கு, கண்டெய்னர் ஓட்ட எந்த வகுப்பு எடுக்கணும்?

புளூமெண்டால்_பொடியன்:

வணக்கம். பீ லைசன்ஸ் எடுத்து நாலு வருசம். இப்ப புறக்கோட்டையில டிமோ பட்டா (சின்ன லொறி) ஓட்டுறேன். பேலியகொடைப் பக்கம் ஹார்பர் கண்டெய்னர் இழுக்கிற இடத்துல ஆள் எடுக்கிறாங்க. "ஹெவி லைசன்ஸ் கொண்டு வா" என்று மட்டும்தான் சொல்றாங்க. லேர்னர்ஸ்ல (ட்ரைவிங் பழக்குற இடத்துல) கேட்டா சீ எடுத்தா எல்லாம் ஓட்டலாம் என்கிறாங்க, இன்னொருத்தர் சீஈ இல்லாம ட்ரெய்லரைத் தொட ஏலாது என்கிறார். எது சரி? மெடிக்கல் எங்க, என்னத்தைப் பார்ப்பாங்க? நான் கண்ணாடி போடுறவன். பரீட்சை லொறியில பழகினா போதுமா, ட்ரெய்லரையே தேடிப் போய்ப் பழகணுமா?

வேரஹெர_பைல்:

தம்பி, "ஹெவி" என்று கார்ட்ல ஒரு வகுப்பும் இல்லை. எந்த எழுத்து வேணும் என்பதை மொத்த நிறைதான் தீர்மானிக்கும். மொத்த நிறை என்றால் வண்டி, சுமை, ஆட்கள் எல்லாம் சேர்ந்து போகக்கூடிய உச்ச நிறை. 3,500 கிலோ வரை பீ. அதற்கு மேல் 17,000 கிலோ வரை சீ1. 17,000ஐத் தாண்டினால் சீ. லொறிக்குப் பின்னால் 750 கிலோவுக்கு மேல் வெறும் நிறையுள்ள ட்ரெய்லர் வந்தால் சீஈ. பிரைம் மூவரின் (ட்ரெய்லரை இழுக்கிற முன்வண்டியின்) முதுகில் ஏறிக் குந்துகிற ட்ரெய்லரும் இந்த வகுப்புக்குள்தான்.

40 அடி ட்ரெய்லர் வெறுமையாகவே சில தொன் வரும், அதனால் 750 கிலோவைப் பற்றிக் கதைக்கவே தேவையில்லை. கண்டெய்னருக்கு சீஈதான். லேர்னர்ஸ்ல சொன்னது பிழை. விபத்து என்று ஒன்று வந்தால் பொலிசும் இன்சூரன்ஸும் முதலில் புரட்டிப் பார்க்கிறது கார்டின் பின்பக்கத்தைத்தான்.

சில்லை எண்ணி வகுப்பை முடிவு பண்ணவும் வேண்டாம். ஆறு சில்லு லொறி பெரும்பாலும் சீ1, பத்துச் சில்லு டிப்பர் சீ என்று ஒரு கைக்கணக்கு இருக்கு, ஆனால் வாகனப் பதிவுச் சான்றிதழில் இருக்கிற மொத்த நிறை மட்டும்தான் செல்லும். வேலைக்குப் போகிற இடத்தில் எந்த வண்டி தருவாங்க என்று கேட்டு, அந்தச் சான்றிதழின் ஒரு கொப்பி பார்த்துவிட்டு விண்ணப்பம் போடு.

இலகு வாகன லைசன்ஸ் எடுத்து இரண்டு வருசம் கடந்திருக்கணும், உனக்குச் சரி. மெடிக்கல் தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவனத்தில்தான், தலைமையகம் நுகேகொடையில். பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர் எழுதித் தருகிற கடிதம் எடுபடாது. முன்கூட்டியே நேரம் பதிந்து, அடையாள அட்டையோடு போ. பார்வை, நிறம் பிரித்தறிதல், காது, பிரஷர் எல்லாம் பார்ப்பாங்க. கண்ணாடி போடுறது தடை இல்லை. போட்டுக்கொண்டு சரியாத் தெரியணும், அவ்வளவுதான். ஆனால் பழைய கண்ணாடியோடு போய் மாட்டிக்கொள்ளாதே. பவர் மாறியிருக்கும் என்று ஒரு சந்தேகம் இருந்தால் முதலில் கண்ணைச் சோதித்துப் புதுக் கண்ணாடி எடுத்துக்கொண்டு போ. பிரஷர், சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவர்கள் குளிசைத் துண்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு போகலாம். மறைத்தாலும் நான்கு வருசத்தில் திரும்ப அதே கதிரையில்தான் இருக்கணும்: இலகு வாகனத்துக்கு 8 வருசம் செல்லுபடி, கனரகத்துக்கு 4 வருசம்தான், புதுப்பிக்கும்போதெல்லாம் மெடிக்கலும் உண்டு.

மெடிக்கல் சான்றிதழ் ஆறு மாதம் செல்லும். அதனால் மெடிக்கல் எடுத்து வைத்துவிட்டு "காசு சேரட்டும்" என்று இருந்தால் அந்தக் காசும் போகும். லேர்னர்ஸ், நாள், வண்டி எல்லாம் பேசி முடித்துவிட்டு மெடிக்கலுக்குப் போறதுதான் புத்தி. வாசலில் "நான் செய்து தாறேன் மல்லி" என்று வருகிறவர்களோடு நின்று கதைக்கவே வேண்டாம்.

பத்துச்சில்லு:

அக்கா சொன்னதுக்கு மேல பேப்பர் பக்கம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனா பட்டாவில இருந்து நேரா ட்ரெய்லருக்குப் பாயிறதுக்கு நான் ஆதரவு இல்லை. முதல்ல பெரிய லொறி ஒன்றில ஓடு. அகலம், உயரம், பிரேக் பிடிச்சா எங்க நிற்கும், இதெல்லாம் உடம்புக்கு வரணும். ஏயர் பிரேக்கில பெடலை மிதிச்சதும் காற்று குழாயில ஓடிச் சில்லுக்குப் போய்ச் சேர ஏறத்தாழ அரை செக்கன் எடுக்கும். 60 கிலோமீற்றர் வேகத்தில அந்த அரை செக்கனுக்குள்ள 8 மீற்றர் போயிடும், பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை. சின்ன வண்டியில பழகின கால் இதை எதிர்பார்க்காது.

அடுத்தது இறக்கம். கண்டிப் பக்கம் லோட் கிடைச்சா கடுகண்ணாவையில இறங்கணும். இறக்கம் தொடங்க முதலே கியரைக் குறைச்சிடணும், இறங்கிக்கொண்டு குறைக்கப் பார்த்தா கியர் விழாது, நியூட்ரல்ல நிற்கும். எக்ஸோஸ்ட் பிரேக்கை (எஞ்சின் புகையை அடைச்சு வேகத்தைக் குறைக்கிறது) போட்டு வேகத்தை அதால பிடி. பெடலை விடாம அமத்திக்கொண்டே இறங்கினா ட்ரம் சூடாகி விரியும், லைனிங்கின் பிடி குறையும், பிறகு எவ்வளவு மிதிச்சாலும் வேலை செய்யாது. நல்லா ஒருக்கா அமத்தி வேகத்தை ஒரு பத்துக் கிலோமீற்றர் குறை, முழுசா விடு, திரும்ப ஏறினா திரும்ப அமத்து.

கிங்பின்:

பத்துச்சில்லு அண்ணன் சொல்ற பிரேக் கதை முழுக்கச் சரி. லொறியில நீண்ட காலம் ஓடணும் என்பதில மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. ரிவர்ஸ் விசயத்தில லொறிப் பழக்கம் உதவுறதை விடக் கெடுக்கிறதுதான் கூட. லொறியில பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் திருப்புவாய். ட்ரெய்லர் அதுக்கு எதிர்ப்பக்கம் போகும். கையில ஊறின பழக்கத்தை அழிக்கிறது புதுசாப் பழகுறதை விடக் கஷ்டம்.

ஒரு சுலப வழி: ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடி. ட்ரெய்லரின் வால் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்து. கொஞ்சமாத் திருப்பு, மெதுவா விடு, வால் திரும்பத் தொடங்கினதும் முன்வண்டியை அதன் பின்னால கொண்டு போக எதிர்ப்பக்கம் எடு. பழகுறவர்கள் எல்லாரும் செய்றது, கூடத் திருப்பிட்டு அதைச் சரிக்கட்ட இன்னும் கூடத் திருப்புறது. ட்ரெய்லர் மடங்கத் தொடங்கிட்டா ஸ்டியரிங்கோட சண்டை பிடிக்க வேண்டாம். நிறுத்து, முன்னால எடு, நேராக்கு, திரும்ப வா. முன்னால எடுக்கிறது வெட்கம் இல்லை, யாட்ல பெரிய கைகளும் அதைத்தான் செய்யும். நம்ம நாட்டில ட்ரைவர் வலப்பக்கம் இருக்கிறதால, முடியுமான இடத்தில எல்லாம் வலப்பக்கம் வளைச்சு ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி வண்டியை வை. தலையை வெளியே போட்டு வாலைப் பார்க்கலாம். இடப்பக்கம் வளைச்சா கண்ணாடியில ட்ரெய்லரின் பக்கச்சுவர் மட்டும்தான் தெரியும்.

முன்னால திரும்பும்போது பின் சில்லு முன் சில்லின் பாதையில வராது, உள்ளுக்கு வெட்டும். இங்குருகடை, கிராண்ட்பாஸ் பக்கம் இடப்பக்கம் திரும்பும்போது அந்த இடைவெளிக்குள்ள ஒரு பைக்கோ த்ரீவீலோ வந்து நிற்கும். இண்டிகேட்டர் போட்டாலும் வரும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே திருப்பு.

புளூமெண்டால்_பொடியன்:

அக்கா, அண்ணாமார், விளங்குது. ட்ரெய்லரைப் பூட்டுறதையும் ட்ரைவரே செய்யணும் என்று சொல்றாங்க. சிவப்பு, மஞ்சள் வயர் இரண்டு இருக்கு, அதை மாற்றிப் போட்டா என்ன ஆகும்?

கிங்பின்:

அது வயர் இல்லை, காற்றுக் குழாய். சிவப்பு எப்பவும் காற்று கொடுத்துக்கொண்டே இருக்கும், ட்ரெய்லர் டாங்கியை நிரப்புறது அதுதான். மஞ்சள் பெடலை மிதிக்கும்போது மட்டும் காற்றைக் கொண்டு போகும். சில வண்டிகளில மஞ்சளுக்குப் பதிலா நீலம். சிவப்பு கழன்றா ட்ரெய்லர் பிரேக் தானா இறுகும், உனக்கு உடனே தெரியும். மஞ்சள் கழன்றாத்தான் ஆபத்து: ஓடும்போது ஒன்றும் தெரியாது, மிதிக்கும்போதுதான் காற்று வெளியில ஊதும், ட்ரெய்லர் பிரேக் பிடிக்காது. இரண்டையும் மாற்றிப் பூட்டினா டாங்கி நிரம்பாது. ஸ்ப்ரிங் பிரேக் (காற்று போனா ஸ்ப்ரிங்கால தானா இறுகுற பிரேக்) உள்ள ட்ரெய்லர்ல பிரேக் விடாது, வண்டி நகராது. அது இல்லாத பழைய ட்ரெய்லர், டாங்கியில காற்று இல்லாட்டி நகரும், ஆனா ட்ரெய்லர் பிரேக் இருக்காது, அதுதான் பெரிய ஆபத்து. புதுசுகள்ல மாற்றிப் போட ஏலாத மாதிரிப் பூட்டு இருக்கு, பழசுகள்ல இல்லை.

பூட்டுற முறை இப்படி. ட்ரெய்லரை நகர விடாமச் சில்லுக்குக் கட்டை வை. முன்வண்டியை நேர் கோட்டில பின்னால கொண்டு வந்து, முட்ட முதல் நிறுத்தி இறங்கு. ட்ரெய்லரின் முன்தட்டு பிரைம் மூவரின் தட்டை விடக் கொஞ்சம் தாழ இருக்கணும், உள்ளே போகும்போது தட்டு அதை உயர்த்தணும். உயரமா இருந்தா, கிங்பின் (ட்ரெய்லரின் அடியில இருக்கிற தடிச்ச ஆணி) தாடையின் (அதைக் கவ்வுற பூட்டின்) மேலால போய் நிற்கும். பூட்டின மாதிரிச் சத்தம் வரும், பூட்டியிருக்காது. முதல் வளைவிலேயே ட்ரெய்லர் கழன்று விழறது இதாலதான். ஹான்டிலைப் பார்த்து நம்பாதே. டோர்ச் அடிச்சு உள்ளே பார்: தாடை கிங்பின்னைச் சுற்றி மூடியிருக்கணும், இரண்டு தட்டுக்கும் நடுவில வெளிச்சம் தெரியக் கூடாது. பிறகு குழாய்களையும் 24 வோல்ட் லைட் வயரையும் பூட்டு, டாங்கி நிரம்பினதும் ட்ரெய்லர் பிரேக்கைப் பிடிச்சுக்கொண்டு சின்ன கியர்ல மெல்ல முன்னால இழுத்துப் பார். இழுபட்டு நின்றாச் சரி. ட்ரெய்லரைத் தாங்குற முன்காலைத் தூக்கிட்டு, கட்டையையும் எடு. காலை முழுசாத் தூக்காம அரைவாசியில விட்டு வெளிக்கிட்டா, முதல் ரயில் கடவையில மாட்டும்.

கழற்றும்போதும் கட்டையை மறக்காதே. ஸ்ப்ரிங் பிரேக் இல்லாத பழைய ட்ரெய்லரைப் பிடிச்சு வைச்சிருக்கிறது டாங்கியில இருக்கிற காற்று மட்டும்தான். அது இரவில கசிஞ்சு போனா விடியச் சரிவில ஆடும்.

பத்துச்சில்லு:

காலையில செய்ய வேண்டியதையும் குறிச்சுக்கொள். ஸ்டார்ட் பண்ணி காற்று நிறையும் வரை நகராதே. சாதாரணமா 7, 8 பார் வரும், பீஎஸ்ஐயில 100க்கு மேல. ஏறத்தாழ 60 பீஎஸ்ஐக்குக் கீழ இறங்கினா பஸர் அடிக்கும், வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அதுக்கும் கீழ போனா ஸ்ப்ரிங் பிரேக் தானாப் பிடிச்சுக்கொள்ளும். பஸர் அடிக்க அடிக்க கேட்டை விட்டு வெளிக்கிடுற ஆட்களும் இருக்கிறாங்க, அவர்களோட போட்டி வேண்டாம்.

நிறைஞ்சதும் எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விட்டுட்டு, சமதரையில கட்டை வைச்சு, பெடலை முழுசா ஒரு நிமிசம் அமத்திப் பிடி. அமெரிக்காவில ட்ரைவர் பரீட்சையிலயே இதைக் கேட்பாங்க: முதல் இறக்கத்துக்குப் பிறகு ஒரு நிமிசத்தில தனி லொறிக்கு 3 பீஎஸ்ஐ, ட்ரெய்லரோட 4 பீஎஸ்ஐக்கு மேல குறையக் கூடாது. இங்க யாரும் கேட்க மாட்டாங்க, நீயாப் பார்த்துக்கொள். குறைஞ்சா சவர்க்காரத் தண்ணி தடவி மூட்டுகளைப் பார்.

மாலையில டாங்கிகளின் அடி வால்வைத் திறந்து தண்ணி விடு. கொழும்புக் காற்றில ஈரம் கூட, ட்ரையர் (காற்றின் ஈரத்தை எடுக்கிறது) பழசான வண்டியில நல்லாவே தண்ணி வரும். தண்ணியோட வெள்ளையாக் கொழகொழ என்று எண்ணெயும் வந்தா கொம்ப்ரசர் எண்ணெய் தள்ளுது, கராஜில சொல்லு.

வேரஹெர_பைல்:

நடைமுறைப் பரீட்சைக்கு ஒரு விசயம் தம்பி. எந்த வகுப்புக்குப் போறியோ அந்த வகுப்பு வண்டியில்தான் ஓடிக் காட்டணும். லேர்னர்ஸிடம் காசு கட்ட முதல் "சொந்த பிரைம் மூவரும் ட்ரெய்லரும் இருக்கா, பரீட்சை நாளுக்கும் அதே வண்டி வருமா, எத்தனை மணித்தியாலம் ட்ரெய்லரோடு ஓட விடுவீங்க" என்று கேட்டு எழுதி வாங்கு. பல இடங்களில் சீ லொறியில் பழக்கிவிட்டு, பரீட்சைக்கு முதல் நாள்தான் ட்ரெய்லரைக் காட்டுவாங்க. பழகும்போது முன்னும் பின்னும் எல் போர்ட், பக்கத்தில் அனுமதி பெற்ற பயிற்றுநர், கையில் பெர்மிட். இந்த மூன்றும் இல்லாமல் நண்பனின் வண்டியில் "ஒரு ரவுண்ட்" போகாதே.

வத்தளை_லோட்:

உயரத்தை யாரும் சொல்லவில்லை. சாதாரணக் கண்டெய்னர் 2.59 மீற்றர், ஹைகியூப் (உயரம் கூடின கண்டெய்னர்) 2.9. ட்ரெய்லர் தட்டின் உயரத்தையும் கூட்டினால் ஹைகியூப் 4.4 மீற்றர் வரை வந்து நிற்கும். மோதரை, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் கேபிள் வயர் அதை விடத் தாழத் தொங்கும். ஏற்றும் முன் கதவில் 9 அடி 6 அங்குலம் என்று எழுதியிருக்கிறதா என்று பார், மஞ்சள் கறுப்புப் பட்டியும் இருக்கும். நாலு மூலைப் பூட்டையும் நீயே சுற்றி வந்து பூட்டு. வெறும் கண்டெய்னர்தானே என்று பூட்டாமல் போகிறவர்களும் உண்டு, 40 அடி வெறும் பெட்டி 4 தொன்னுக்குக் கிட்ட இருக்கும், பக்கக் காற்றுக்கும் வளைவுக்கும் அது தாராளமாக நகரும்.