மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை: ஒரே நாளா, ஓர் இரவு தங்கலா?

வாவிக்கரை (மட்டக்களப்பு)
ஆகஸ்ட் லீவுக்கு 12 பேர், ஒரு ஹையேஸ் வான். மூன்று பேர் சின்னப் பிள்ளைகள், இரண்டு பேர் 70 தாண்டினவர்கள். புறாமலை (நிலாவெளிக்கு நேரே கடலில் இருக்கிற பவளத் தீவு), கோணேசர் கோயில், கோட்டை, கன்னியா வெந்நீர்க் கிணறு நாலையும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா?

வான்காரன் (ஏறாவூர்)
தாராளமா. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்து, பிறகு மற்றப் பாலங்களும் வந்ததோடு பாதைக்கு (வாகனம் ஏத்துற மிதவைக்கு) காத்துக் கிடக்கிற கரைச்சல் முடிஞ்சுது. விடிய 4 மணிக்கு வெளிக்கிட்டா வாகரை, வெருகல், மூதூர் பிடிச்சு 7.30 போல நிலாவெளி. 8 மணிக்குப் படகு, 10.30க்குக் கரை. சாப்பாடு, கன்னியா, நாலு மணிக்குப் பிறகு கோணேசர். ராவு 9.30க்கு வீடு. தங்கல் காசு மிச்சம்.

முருகைக்கல் (கல்குடா)
கணக்கு காகிதத்தில்தான் சரி. ஆகஸ்ட்டில் டிக்கெட் கவுண்டரிலேயே வரிசை. வனஜீவராசிகள் திணைக்களம் ஆளுக்கு ஒரு கட்டணம், குழுவுக்குச் சேவைக் கட்டணம், அதுக்கு மேல வரி என்று எழுதும். படகுக்குத் தனிக் காசு. 12 பேர் ஒரு படகில் ஏற ஏலாது, இரண்டு வேணும். இதிலேயே ஒரு மணித்தியாலம் போகும்.

அதைவிடப் பெரிய பிழை கன்னியாவை இரண்டாவதா வைத்தது. இரண்டு மணித்தியாலம் குப்புறக் கிடந்து பவளம் பார்த்தவனுக்கு முதுகும் கெண்டைக்காலும் வெந்திருக்கும். அந்தத் தோலில் வெந்நீரை வாளியால் ஊத்தினா பிள்ளைகள் கத்துங்கள். கடலுக்குப் பிறகு பச்சைத் தண்ணிதான்.

வான்காரன்
அப்ப கன்னியாவை வெட்டுங்க. அதுக்காக ஒரு ராவு ரூம் எடுக்கிறதா? ஆகஸ்ட்டில் திருகோணமலைக்கும் நிலாவெளிக்கும் இடையில இருக்கிற உப்புவெளியில் என்ன விலை சொல்லுவான் தெரியுமா?

தம்பட்டையூரான் (திருக்கோவில்)
எங்கட அம்பாறைப் பக்கத்துக்காரர் இதைப் பார்த்து ஏமாந்திடாதீங்க. அக்கரைப்பற்றில் ஏறினாலே மட்டக்களப்புக்கு 60 கிலோமீற்றருக்கு மேல. ஒரு நாள் என்ற பேச்சே இல்லை.

இன்னொண்டு, பவளம்தான் வேணுமெண்டா வழியிலேயே காயான்கேணி இருக்குதே? 2019இல் கடல் சரணாலயமா அறிவிச்சது. நிலாவெளி வரைக்கும் ஏன் ஓடணும்?

முருகைக்கல்
நீந்தத் தெரிந்த நாலு இளந்தாரிகள் எண்டால் நானும் காயான்கேணிதான் சொல்லுவன், அதுவும் அந்தக் கடல் பழகின மீனவர் ஒருவரோடு. பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் சரிவராது. புறாமலையில் பவளம் கரையிலிருந்தே தொடங்குது. அந்த வசதியே ஆபத்தும். முழங்கால் தண்ணியில் மான்கொம்புப் பவளம். லைஃப் ஜாக்கெட் போட்டவர் நிமிர்ந்து மிதப்பார், கால் கீழே தொங்கும், பயத்தில் உதைப்பார். பவளமும் முறியும், காலும் கிழியும். அந்தக் கீறல் லேசில் ஆறாது. கரையேறினவுடன் நல்ல தண்ணியில் தேய்த்துக் கழுவுங்கள். ஜாக்கெட்டோடு குப்புறப் படுத்து, கைகளை முன்னால் நீட்டி, காலை மேல்மட்டத்தில் வைக்கப் பழக்கிவிட்டு இறக்குங்கள். பழகாத பிள்ளையை இறக்கவே வேண்டாம்.

வாடகை ஸ்நோர்க்கல் கண்ணாடியை வாங்கும்போதே பாருங்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் கையை விட்டாலும் ஒட்டி நிற்கணும். விழுந்தால் அது கசியும். தாடி மீசைக்காரருக்கு எப்படியும் கொஞ்சம் கசியும். கரை முழுக்க முறிந்த முருகைக்கல் (பவளக்கல்), வெறுங்காலோடு நடக்க ஏலாது. கறுப்பு முனைச் சுறா வந்தால் துரத்தாதீர்கள், அது உங்களைப் பார்த்தே விலகிப் போகும்.

வாவிக்கரை
அப்ப தங்கினால் எந்த ஒழுங்கில் போறது?

முருகைக்கல்
முதல் நாள் காலையில் ஆறுதலா வெளிக்கிட்டு, மத்தியானம் உப்புவெளி. மாலைப் பூசைக்குக் கோணேசர். உச்சி வெயிலில் போனால் நடையும் சாத்தியிருக்கும், செருப்பைக் கழற்றிய பிறகு கருங்கல்லில் 70 தாண்டின அந்த இரண்டு பேராலும் கால் வைக்க ஏலாது. அடுத்த நாள் காற்று எழும்ப முதல், முதல் படகு. கன்னியா வேணுமெண்டால் முதல் நாளே, கோயிலுக்கு முன்னம்.

கோணேசருக்குக் கோட்டைக்குள்ளால்தான் பாதை. கோட்டை வாசலில் நின்று பார்க்காமல் வானை ஓட்டிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். 1622இல் பறங்கியர் (போர்த்துக்கேயர்) கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் போட்டுத்தான் கோட்டையைக் கட்டினார்கள். "முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை" என்று தொடங்கும் கல்வெட்டும் இரட்டை மீன் சின்னமும் வாசல் நிலைக்கல்லில். பாதிப்பேர் உள்ளே நிற்கிற மானுக்குப் பழம் குடுக்கிற அவசரத்தில் அதைத் தாண்டிப் போவார்கள். உள்ளே இராணுவ முகாம், படம் எடுக்க முதல் கேளுங்கள்.

தம்பட்டையூரான்
கோணேசர் இருக்கிற சுவாமி மலைக்குக் கீழ கடலுக்குள்ள கோயில் தூண் இருக்காம், அதையும் ஸ்நோர்க்கல் கண்ணாடியால் பார்க்கலாமா?

முருகைக்கல்
இல்லை. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் சிலிண்டர் கட்டி மூழ்கித்தான் கண்டார்கள். பயிற்சி இல்லாமல் அந்தப் பாறையடிக்குப் போகக்கூடாது.

வான்காரன்
சரி, தங்கலுக்கே தலையாட்டுறன். ஆனா ரூம் காசுக்காக இல்லை, றோட்டுக்காக. பொழுதுபட்ட பிறகு சேருநுவர, வெருகல் பக்கம் யானை ஏறும். விடிய நாலு மணிக்கும் அதே யானைதான் எண்டு முருகைக்கல் சொல்ல முதல் நானே சொல்லிப்போட்டன். ஒரே நாள்தான் எண்டு நிக்கிறவர் கோட்டையையும் அதுக்குள்ளால போற கோணேசரையும் கன்னியாவையும் விட்டுட்டு, 5 மணிக்குள்ள மூதூரைத் தாண்டணும்.

வாவிக்கரை
கோணேசரை விட்டுட்டு வந்தா அம்மா வீட்டுக்குள்ள விடமாட்டா. ரூம் பார்க்கிறன். உப்புவெளியா, நிலாவெளியா?

முருகைக்கல்
வயதானவர்களுக்கு உப்புவெளி, கோயில் கிட்ட. படகுதான் முக்கியமெண்டால் நிலாவெளி.