வாடகை வீடுகளுக்கு எந்த ஆப் போடலாம்? அவசரம்

அஸ்தம்பட்டி_ஓனர்:
வணக்கங்க. வாடகைக் கணக்கு நோட்டுல வெச்சு சமாளிக்க முடியல. யார் குடுத்தாங்க, யார் பாக்கின்னு குழப்பம். பில்டியம்ங்கற ஆப் நல்லாருக்குன்னு சொல்றாங்க, போடலாமா? ஒண்ணாந்தேதிக்குள்ள சொல்லுங்க.

சூரமங்கலம்:
எத்தனை வீடுங்க? எல்லாமே மாச வாடகையா? ஈபி மீட்டர் தனித்தனியா?

ஐந்துரோடு (பழைய உறுப்பினர்):
இதெல்லாம் சொல்லாம கேட்டா யாராலயும் பதில் சொல்ல முடியாது. முன்னாடியே பல தடவை எழுதியிருக்கேன், தேடிப் படிச்சிட்டு வாங்க. பில்டியம் அமெரிக்காவுக்கானது. அங்கத்த பேங்க் கணக்குல இருந்து ஏசிஎச்ங்கற அந்த நாட்டுப் பேங்க் பணப்பரிமாற்றம் வழியா வாடகை எடுக்கும். நம்ம யூபிஐக்கு ஆகாது. பத்து வீடு வரைக்கும் கூகுள் ஷீட்டே போதும்.

அஸ்தம்பட்டி_ஓனர்:
நாலு வீடு. மூணு கன்னங்குறிச்சியில ஒரே காம்பவுண்ட், ஒண்ணு ஏற்காட்டுல.

கன்னங்குறிச்சி:
அப்ப ஷீட்தான் சரி. வீடு, மாசம், வாடகை, வந்த தொகை, வந்த தேதி, யூடிஆர் எண்ணு (ஒவ்வொரு பணப்பரிமாற்றத்துக்கும் வர்ற அடையாள எண்)ன்னு ஆறு காலம் (column). யூபிஐயில வர்ற 12 இலக்க யூடிஆரை கட்டாயம் ஏத்துங்க. "போட்டுட்டேன்", "வரலை"ன்னு பேச்சு வந்தா அதை வெச்சுத்தான் பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேடணும். குடியிருக்கிறவங்க நெட்பேங்கிங்ல, மாசாமாசம் பணம் தானா போற ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போட்டுட்டா நினைவூட்டவே வேண்டாம். சம்பளம் விழற தேதிக்கு அப்புறம் வைக்கச் சொல்லுங்க, கணக்குல பணம் இல்லாட்டி போகாது. ரிப்பேர் புகாருக்கு கூகுள் ஃபார்ம் வெச்சா, போட்டோ ஏத்த அவங்க கூகுள்ல லாகின் பண்ணியாகணும். பாதி பேர் அங்கயே விட்டுடுவாங்க. வாட்ஸ்அப்ல போட்டோ வாங்கி நீங்களே ஷீட்ல ஏத்திக்கோங்க.

ஏற்காடு_லேடிஸ்சீட்:
ஏற்காட்டு வீடு நாள் வாடகையா? அப்படின்னா அதை இந்த ஷீட்ல கலக்காதீங்க. அதுக்கு புக்கிங் காலண்டர் வேணும். வெளிநாட்டுக்காரர் தங்கினா 24 மணி நேரத்துல அவர் விவரத்தை அரசாங்கத்துக்கு ஆன்லைன்ல ஏத்தணும்.

சூரமங்கலம்:
மீட்டர் கேட்டேனே? ஒரே கனெக்‌ஷன்ல வீட்டுக்கு வீடு சப்மீட்டர்னா மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுத்து, அந்த விலையில பிரிங்க.

ஐந்துரோடு:
அது நியாயமே இல்ல. ஏசி வீட்டால ரெண்டு மாசத்துல 500 யூனிட் தாண்டினா 101-200 யூனிட்டுக்கான குறைஞ்ச விலையும் போயிடும். ஃபேன் மட்டும் ஓட்டறவரும் சேர்ந்து அழணுமா? தனித்தனி கனெக்‌ஷன் வாங்கினா ஒவ்வொண்ணுக்கும் 100 யூனிட் இலவசம்.

சூரமங்கலம்:
வீடு முழுசா தனியா பிரிஞ்சிருந்தாத்தான் குடுப்பாங்க. ஒரு ரூமைத் தடுத்து விட்டா கிடைக்காது. அதுவரைக்கும் எப்படிப் பிரிக்கறதாம்?

கன்னங்குறிச்சி:
மீட்டர் பேச்சுல முக்கியமானது விட்டுப்போச்சு. எந்த ஆப்பும் ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணாது. 2017 வாடகைச் சட்டப்படி எழுதின ஒப்பந்தத்தை 90 நாளுக்குள்ள வாடகை அதிகாரிகிட்ட பதியணும், ஆன்லைன்லயே முடியும். 11 மாச ஒப்பந்தம்தானேன்னு விடாதீங்க. பதிவு எண்ணை ஷீட்ல ஏழாவது காலமா வெச்சுக்கோங்க.

அஸ்தம்பட்டி_ஓனர்:
ஷீட் போட்டாச்சுங்க. ரெண்டு பேர் ஸ்டாண்டிங் போட்டுட்டாங்க. நன்றி.

சூரமங்கலம்:
மீட்டர் ஒண்ணா, மூணா?