மம்பட்டி புடிச்சா களைப்பில்ல, மூட்டை தூக்கினா தொடை நடுங்குது, ஏன்?

குடமுருட்டிக்கரை:
வயசு 63. பாபநாசம் பக்கம், சொந்த நிலம். காலையில மம்பட்டியோட இறங்கினா வெயில் ஏறுற வரைக்கும் அண்டை வெட்டுவேன். கூட வெட்டுற எம் பையன்தான் முதல்ல வரப்புல உக்காருவான். ஆனா கொள்முதல் நிலையத்துல 40 கிலோ சிப்பம் ரெண்டு தூக்கி வச்சா தொடை வெடவெடன்னு ஆடுது. சேத்துல புதைஞ்ச காலை வெடுக்குன்னு உருவ முடியல, சாய்ஞ்சுடுறேன். சுகர் இல்ல. வயசுன்னா எல்லா வேலைக்கும்தானே களைக்கணும்?

மதகடி:
அண்ணே, அறுபதுக்கு மேல உடம்பு சொல்றதக் கேக்கணும். பேசாம ஓய்வா இருங்க.

கும்பகோணம் பிசியோ:
மூட்டைய வேணா விடுங்க, ஓய்வு மட்டும் வேண்டாம். படுத்தா தசை இன்னும் வேகமா கரையும்.

ஐயா கேட்டது நல்ல கேள்வி. தசையில ரெண்டு வகை இழை. ஒண்ணு மெதுவா சுருங்கி ரொம்ப நேரம் தாங்கும். இன்னொண்ணு சட்டுன்னு சுருங்கி பலம் குடுத்துட்டு சீக்கிரம் ஓஞ்சுடும். வயசாக ஆக இந்த ரெண்டாவதுதான் அதிகமா மெலியும். அதை இயக்குற நரம்பணுக்கள் சிலது செத்துப்போகும். அனாதையான இழைகள்ல கொஞ்சத்தை பக்கத்து மெது நரம்பு தன்னோட சேத்துக்கும். அதான் நிதானமான வேலையில பையனுக்கு நீங்க சளைக்கல, வேகம் கேக்குற வேலையில கால் கைவிடுது.

குடமுருட்டிக்கரை:
அப்ப வயல் வேலை உடற்பயிற்சி இல்லையா தம்பி?

கும்பகோணம் பிசியோ:
தாங்குற சக்திக்கு, ஆமாங்க ஐயா. வேக இழைக்கு அது பத்தாது. நாற்காலியில கை ஊனாம வெடுக்குன்னு எழுந்து, மெதுவா உக்காருங்க. பத்து தடவை, மூச்சு வாங்கிட்டு இன்னும் ரெண்டு சுத்து. ஒருநாள் விட்டு ஒருநாள். லேசாயிட்டா கையில தண்ணி பாட்டில் புடிச்சுக்குங்க. 1990ல வெளிவந்த பாஸ்டன் ஆய்வு ஒண்ணுல, முதியோர் இல்லத்துல இருந்த 90 வயசுக்காரங்களுக்கே 8 வாரப் பயிற்சியில கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடிச்சு.

சாப்பாடும் முக்கியம். உடம்பு எடையில கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேணும் (கிட்னி கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு). பழையசோறும் ஊறுகாயும் பத்தாது. சம்பா தரிசுல வெளைஞ்ச பயறு அத்தனையும் வித்துடாம வீட்டுக்கும் வைங்க. ஒரு பக்கம் மட்டும் திடீர்னு பலம் குறைஞ்சாலோ, நெஞ்சு அடைச்சாலோ உடனே ஆஸ்பத்திரி.

குடமுருட்டிக்கரை:
பயறு போன வாரமே வித்தாச்சே! சரி, கோழி நிக்குது, முட்டைக்குப் பஞ்சமில்ல.