நேற்றுவரை சக ஆசிரியர், நாளை முதல் துணைத் தலைமையாசிரியர்

வணக்கம் நண்பர்களே. 14 ஆண்டுகள் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். அடுத்த கல்வியாண்டில் துணைத் தலைமையாசிரியர் பொறுப்பு. கால அட்டவணை, விடுப்பு எடுப்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு எல்லாம் தலைவலிதான், ஆனால் பழகிவிடும்.

என் கவலை வேறு. ஓய்வறையில் என்னோடு சேர்ந்து நிர்வாகத்தைக் கிண்டலடித்தவர்களின் (நானும்தான் அடித்தேன்) வகுப்பில், இனி கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார வேண்டும். போன வாரம் ஒத்திகையாக ஒரு வகுப்பைப் பார்த்தேன். கேள்வி கேட்டதும், பிள்ளைகள் யோசிப்பதற்குள் ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுகிறார். கேட்டபின் 3 நொடியாவது காத்திருந்தால் பதில்கள் நீளமாக வரும் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நானும் பல ஆண்டுகள் அதே தவறைச் செய்தவன். ஆனாலும் வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சு சார்" என்று மழுப்பிவிட்டேன்.

இந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள் சொல்லுங்கள்: உங்களைவிட மூத்த ஆசிரியரிடம் முதல் தடவை குறையை எப்படிச் சொன்னீர்கள்? அப்புறம், வாரத்துக்கு நாலைந்து பிரிவேளையாவது பாடம் எடுப்பதை விடாமல் வைத்துக்கொண்டவர்கள் உண்டா? நடுவில் யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளைகளுக்குத்தானே நஷ்டம்? பொதுவான அறிவுரை வேண்டாம், உங்களுக்கு நடந்ததைச் சொன்னால் போதும்.