தெருச் சருகு, மணல் மண், காய்கறித் தோட்டம்: உங்கள் அனுபவம் என்ன?

திருவொற்றியூர்க்காரி:
எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுக்கக் கடற்கரை மணல். காலையில் ஊற்றும் தண்ணீர் மதியத்துக்குள் கீழே இறங்கிவிடும், கத்தரிச் செடி தலையைத் தொங்கப் போட்டுவிடும். செம்மண் ஒரு லோடு அடிக்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் தெரு பெருக்கும் அக்கா தூங்குமூஞ்சி மரத்துச் சருகைக் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். எனக்குக் கொடுங்களேன் என்றதும், "இன்னாம்மா, குப்பையப் போய் கேக்குற?" என்று சிரித்தார். இப்போது பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு, அரிசிச் சாக்கில் அமுக்கி அவரே கேட்டோரம் வைத்துவிட்டுப் போகிறார். இங்கிருந்து அவ்வப்போது கீரை போகிறது.

தூங்குமூஞ்சி இலை பொடியாக இருப்பதால் சீக்கிரம் மக்கும். ஓர் அடுக்குச் சருகு, அதன் மேல் சாணிக் கரைசல், மறுபடி சருகு. ஈரம் காயவே கூடாது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. நாலைந்து மாதத்தில் கறுத்து உதிர்ந்து, புதுமழை வாசனை வரும். அதை மணலில் கலந்த பிறகு, வெயில் காலம் தவிர, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது.

கொளத்தூர் மாடி:
பாதாம் மரம் இருக்கும் வீட்டுக்காரர்கள் உஷார்! அந்த இலையை அப்படியே போட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, பாய் விரித்த மாதிரி ஆகிவிடும், தண்ணீர் மண்ணுக்கே போகாது. நாங்கள் மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயவைத்து, சாக்கில் கட்டி மிதிக்கிறோம். மிதிக்கப் பசங்களுக்குள் போட்டி.

அப்புறம், மக்காத சருகை மண்ணுக்குள் புதைக்காதீர்கள். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், வெண்டை வெளிறிப் போகும். மேலே மூடாக்காகப் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

எண்ணூர் அண்ணன்:
மெயின் ரோட்டுச் சருகை நான் தொடுவதில்லை. கன்டெய்னர் லாரி ஓடுகிற ரோடு, இலையைத் தேய்த்தால் விரல் கறுக்கும். உள்தெரு பூவரசும் வேம்பும் போதும். பக்கத்து வீட்டுப் பெரியவர் சருகைக் கொளுத்துகிறவர். கேட்டதற்கு, "கொளுத்துனா கொசு போவும்பா" என்றார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம் தங்கச்சி, குவியலில் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கிறதே?

திருவொற்றியூர்க்காரி:
காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம் அண்ணா. பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் தென்னை இருந்தால் கட்டாயம், வண்டானதும் குருத்தைத்தான் துளைக்கும்.